நல்லூரிலிருந்து முற்றவெளி வரை: யாழ்ப்பாண நகரின் தெருக்களும் அவற்றின் பெயர்களும்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரண்மனையிலோ கோட்டையிலோ தொடங்குவதே பெருவழக்காகவுள்ளது. யாழ்ப்பாண நகரைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கு மேலும் இறுக்கமானது. நல்லூரில் அரசர் இருந்தனர். 1619இல் போர்த்துக்கேயர் வென்றனர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர் என்று அதிகாரம் கைமாறிய கதையே நகர வரலாறாகப் பாடநூல்களில் நின்றுவிடுகின்றது. இக்கதை பிழையன்று. ஆயின் நல்லூருக்கும் கோட்டைக்கும் இடையிலே கிடக்கின்ற ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நிலத்தில் வாழ்ந்தோர் யாவர், அவர்களை அங்கே இருத்தியவர் யார், எழுப்பியவர் யார் என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. அவ்விடையின் ஒரு பகுதியேனும் தெருக்களின் பெயர்களிலே தங்கியுள்ளது. அதனை அறிதற்கு நடந்து செல்வதே தக்க வழி. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

கடந்த மூன்று விடுமுறைகளில் இத்தூரத்தைப் பலமுறை நடந்து குறிப்பெடுத்தேன். 'கால்நடையாக ஓர் ஆய்வு' என்று விடுதியிற் சொன்னபோது, மிருக வைத்திய பீடத்து நண்பரொருவர், தமது துறைக்குள் யான் அத்துமீறி நுழைவதாகக் குறைப்பட்டார். நகைப்பு ஒருபுறமிருக்க, துவிச்சக்கரவண்டியிற் செல்வோனுக்கும் நடப்போனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வண்டியிற் செல்பவனுக்குச் சந்திகளே தெரியும், ஒழுங்கைகள் தெரியா. யாழ்ப்பாணத்திலோ வரலாறு ஒழுங்கைகளிலேதான் இருக்கின்றது. வீதிகளுக்கு ஆங்கிலேயர் காலத்திலும் பின்னரும் அதிகாரிகளின் பெயரும் பெரியார்களின் பெயரும் இடப்பட்டன. ஒழுங்கைக்கும் குளத்துக்கும் வளவுக்கும் பெயரிட எவரும் கூட்டம் கூட்டவில்லை. ஆதலால் பழைய பெயர்கள் அங்கே தப்பின.

இம்முறையிற் சென்று பார்க்க விரும்பும் பிறவூர் மாணவர்க்குச் சில சொல்லலாம். கண்டியிலிருந்து இரவு பஸ்ஸில் வருவோர் விடியுமுன்னே நகரில் இறங்குவர். அந்நேரமே நடைக்கு உகந்தது. பத்து மணிக்குப் பின்னர் வெயிலும் சுண்ணக்கல் நிலத்தின் வெக்கையும் சேர்ந்து கண்ணைக் கூசச் செய்யும். குடிதண்ணீரைக் கையிற் கொண்டுசெல்லுதல் நன்று. கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பானவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுள் நுழையும் ஆடவர் மேற்சட்டையைக் களைதல் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து உடுத்துக்கொள்க. வழி கேட்கும்போது வீதியின் பெயரைச் சொல்லிக் கேட்பதால் அதிக பயனில்லை. சந்தியின் பெயரையோ கோயிலின் பெயரையோ சொன்னால் எவரும் வழிகாட்டுவர். போன வழியே திரும்பாது வேறு வழியாகத் திரும்புதல் நலம். மாரியில் ஒருமுறையேனும் நடந்து பார்த்தல் வேண்டும். குளம் என்று முடியும் இடப்பெயர்களின் உண்மையை அப்போது முழங்கால் நனைய அறியலாம். ஆரியகுளமும் புல்லுக்குளமும் இன்றும் நீர்நிலைகளாகவே உள்ளன. வேறு சிலவோ பெயரளவிற் குளமாயிருந்து, கார்த்திகை மழையில் மாத்திரம் தம் பழைய உரிமையைக் கேட்டு வருகின்றன.

நடையை முத்திரைச் சந்தியில் தொடங்குவது பொருத்தம். பருத்தித்துறை வீதியை அண்டி மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வாயில், யமுனா ஏரி ஆகியன சில நிமிட நடைக்குள் உள்ளன. இவற்றுள் மந்திரிமனை என்னும் கட்டடம் அரசர் காலத்துக்குரியதன்று என்பதை அதன் அமைப்பே காட்டும். ஐரோப்பியர் காலக் கட்டடக்கலையின் சாயல் அதில் வெளிப்படை. ஆயினும் மக்கள் அதற்கு மந்திரியின் பெயரையே வழங்குகின்றனர். கட்டடம் பிற்காலத்தது, நினைவு முற்காலத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதும் தவறு; கட்டடத்தின் வயதைக் காட்டி நினைவை முற்றாகத் தள்ளுவதும் தவறு.

பண்டை நல்லூரின் எல்லையை மனக்கண்ணிற் கொள்வதற்கு நாற்றிசைக் கோயில்கள் உதவுகின்றன. வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளியம்மன் என நகருக்குக் காவலாகக் கோயில்கள் அமைந்தன என்பது யாழ்ப்பாண வைபவமாலை தரும் செய்தி. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூலை எழுத்துக்கெழுத்து நம்புதல் இயலாது. எனினும் நான்கு கோயில்களையும் ஒரே காலையில் நடந்து சுற்றிவரலாம் என்னும்போது, அவ்வரசின் தலைநகர் எத்துணைச் சிறிய பரப்பினது என்பது காலுக்குத் தெரியவருகின்றது. நமது மேடைகளில் முழங்கும் நல்லூர் இதனினும் பன்மடங்கு பெரிது.

அரசர் காலக் கந்தசுவாமி கோயிலை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா இடிப்பித்தான். நிருவாகம் நல்லூரைவிட்டுக் கடனீரேரிக் கரைக்குப் பெயர்ந்தது. இன்றுள்ள கோயில் 1734இல், ஒல்லாந்தர் ஆட்சியிலே, இரகுநாத மாப்பாண முதலியாரால் வேறோரிடத்தில் எழுப்பப்பட்டது. அவர் ஒல்லாந்தரின் சேவையில் இருந்தவர் என்பது ஈண்டுக் கவனித்தற்குரியது. சைவ ஆலயங்களுக்கு இடங்கொடாத ஆட்சியின் கீழ், அவ்வாட்சியின் உத்தியோகத்தரே ஆலயம் எடுத்தார். அடக்குமுறை, எதிர்ப்பு என்னும் இரு சொற்களால் மட்டும் இக்காலத்தை விளக்கிவிட முடியாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நல்லூரிலிருந்து நாவலர் வீதி வழியே மேற்கு நோக்கினால் வண்ணார்பண்ணைக்கு வந்து சேரலாம். கோட்டையைச் சூழ்ந்த ஐரோப்பியர் நகருக்கும் வீழ்ந்துபட்ட அரசர் நகருக்கும் புறத்தே, வணிகத்தால் எழுந்த மூன்றாவது நகரென இதனைக் கூறலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வைத்திலிங்கச் செட்டியார் இங்கு வைத்தீஸ்வரன் கோயிலைக் கட்டினார். செட்டித்தெரு என்னும் பெயரும் அவ்வணிகச் செல்வத்தின் அடையாளமே. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், கோட்டைக்கு அண்மையிலிருந்த மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் கற்றுக் கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவி, பின் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அரசர் நகர், ஐரோப்பியர் நகர், வணிகர் நகர் ஆகிய மூன்றும் அவர் வாழ்வில் மூன்று கட்டங்கள். இம்மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொன்றும் ஒரு மணி நேர நடைக்கும் குறைந்ததே. நாவலரது மாற்றத்தைச் சிந்தனை வரலாறாகப் பலர் எழுதியுள்ளனர். அச்சுக்கூடத்துக்கும் பாடசாலைக்கும் பொருளுதவி கிடைக்கக்கூடிய இடம் எதுவென அவர் அறிந்திருந்தார் என்பதை, இத்தெருக்களில் நின்று பார்க்கும்போது ஏற்காமலிருக்க முடியவில்லை.

இனி இவ்வூரின் பெயரையே நோக்குவோம். வண்ணார்பண்ணை என்பதைப் புலவர்கள் 'வண்ணை' எனக் குறுக்கினர். செய்யுளின் ஓசைக்காக இவ்வாறு செய்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். நெல்லை, தஞ்சை போன்று இதுவும் மரூஉ எனலாம். ஆயினும் உரைநடையிலும் அழைப்பிதழிலும் கடைப் பலகையிலும் 'வண்ணை' என்றே எழுதுவோரைக் காணும்போது, ஓசை மட்டுமோ காரணம் என்று ஐயம் பிறக்கின்றது. செட்டியாரின் பெயர் தாங்கிய தெருவை எவரும் குறுக்கவில்லை. தட்டாதெரு இன்றும் முழுமையாக ஒலிக்கின்றது. கரையூர் என்பது குருநகர் ஆயிற்று. எப்பெயர் முழுதாக நிற்கின்றது, எப்பெயர் குறுகுகின்றது, எப்பெயர் மறைகின்றது என வரிசைப்படுத்தினால், அவ்வரிசை நமது சமூகப் படிநிலையை ஏறத்தாழ ஒத்திருப்பது தற்செயலன்று. தொழில்வாரியாகக் குடிகளை இருத்தியமை அரசர் காலத்ததென்பர். அதனைத் தோம்பு எனப்பட்ட பதிவேடுகளிற் சாதிப் பெயரோடு எழுதி நிலைப்படுத்தியவர் ஐரோப்பியர். 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தோரும் ஒல்லாந்தரே. நாம் அவர்களை நீக்கினோம். அவர்கள் எழுதிவைத்த வரிசையை நீக்கினோமா?

இவ்விடத்தில் என் குறிப்பேட்டில் ஒரு வெற்றிடம் உண்டு. நகரின் வடபகுதியிலுள்ள ஒரு சிறு தெருவிலே, அதன் பழைய பெயரை உறுதிசெய்துகொள்ளும் பொருட்டு, வீட்டுப் படலையில் நின்ற முதியவர் ஒருவரை வினாவினேன். பெயரைச் சொல்லி, "இதுதானே ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "உந்தப் பேரை உம்மட கொப்பியிலை எழுதாதையும் தம்பி. நாங்கள் அதை விட்டுக் கனகாலம்" என்றார். குரலிற் கோபமில்லை. யான் நாணி நின்றேன். ஆய்வு முறை பற்றி விரிவுரைகளிற் கேட்டவை யாவும் அப்போது உதவவில்லை. ஆவணம் அழியக்கூடாது என்பது வரலாற்று மாணவனின் அறம். ஒருவன் மீது பிறர் எழுதிய பெயரைத் துடைப்பது அவனது உரிமை. இரண்டும் மோதுமிடத்தில் பின்னதற்கே வழிவிடுதல் முறையென இப்போது கருதுகின்றேன். அத்தெருவின் பெயரை இங்கு எழுதவில்லை. இடப்பெயராய்வு செய்யும் நண்பர்கள் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவேன்.

பெயர் துடைக்கப்படாமலேயே மக்கள் துடைக்கப்பட்ட தெருவும் இந்நகரில் உண்டு. வண்ணார்பண்ணையின் மேற்கே, நாவாந்துறையை நோக்கிய பகுதியிலே சோனகதெரு அமைந்துள்ளது. சோனகர் முன்னர் நல்லூரின் அயலில் இருந்தனரென்றும் அங்கிருந்து நீங்கிக் கடலோரமாகக் குடியேறினரென்றும் வைபவமாலை கூறும். அப்பெயர்வு அவர்கள் விரும்பிச் செய்ததன்று என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. தெருக்கள் ஐந்து கூடும் ஐந்து சந்தியும் பள்ளிவாசல்களும் ஒஸ்மானியாக் கல்லூரியுமாக விளங்கிய அப்பகுதி, 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் வெறுமையாயிற்று. விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசங் கொடுத்து நகரத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அம்மாதத்தில் வட மாகாணத்திலிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல், போர் நெருங்கியபோது வெளியேறும்படி பணிக்கப்பட்டு வலிகாமத்துத் தமிழரும் இரவோடிரவாக மழையில் நடந்தனர். பின்னையதைப் பற்றி நமது கவிதைகளும் கதைகளும் மிகுதி. முன்னையதைப் பற்றி நமது மலர்களில் எத்துணைப் பக்கங்கள் உள்ளன என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

சோனகதெருவில் நடப்பவர்க்கு முதலிற் புலப்படுவது இடைவெளிகளே. வசிக்கும் வீடு ஒன்று. அதனருகே கூரையற்ற சுவர். அதனருகே பற்றை மூடிய அத்திவாரம். தேனீர்க்கடையொன்றிற் பேசிய பெரியவர் இருபது ஆண்டுகள் புத்தளத்தில் இருந்து திரும்பியவர். அவர் எனக்குத் தெருவைக் காட்டிய முறை வேறுவிதமானது. கட்டடங்களை அவர் காட்டவில்லை. இந்த இடத்தில் இன்னாரின் தையற்கடை, இங்கே இரும்புக் கடை, இங்கே நோன்புக் காலத்திற் கஞ்சி வார்த்த திண்ணை என்று வெற்று நிலங்களைச் சுட்டிச் சுட்டியே நடந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போகின்றனர், தங்குவதில்லை. புத்தளமே அவர்களுக்கு ஊர். அவர் சொன்னவற்றை ஒரு வரைபடமாக இட்டு அவரிடமே காட்டித் திருத்தினேன். அதில் இரண்டு கடைகள் இடம் மாறியிருந்தன. அவரும் அவருடைய நண்பரும் அதுபற்றி நெடுநேரம் வாதிட்டனர். வாய்மொழிச் சான்று நம்பத்தகாததென ஒதுக்குவோர் இத்தகைய வாதத்தைக் கேட்டிரார் போலும். ஆவணத்தை ஒப்புநோக்கும் அறிஞரின் கவனம் அதில் இருந்தது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் கடைவீதிகளைக் கடந்து முற்றவெளியை அடையலாம். கோட்டைக்கு முன்னே இவ்வளவு வெளி ஏன் என்பதற்குப் பீரங்கியே விடை. பகைவர் மறைந்து நெருங்காவண்ணம் கோட்டையைச் சூழ வெறுநிலம் விடுதல் அக்கால மரபு. அரண் காக்க விடப்பட்ட வெளி பிற்காலத்தில் மக்கள் கூடும் களமாயிற்று. மணிக்கூட்டுக் கோபுரம், 1981இல் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டு மீள எழுந்த பொது நூலகம், 1974 ஜனவரி 10ஆம் நாள் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதியில் உயிர்நீத்தோரின் நினைவுத் தூண்கள் ஆகிய யாவும் இவ்வெளியையும் அதன் ஓரங்களையும் பற்றியே நிற்கின்றன. கிழக்கே செல்லும் பிரதான வீதியும் அதன் அயலும் முன்னாளிற் பறங்கித்தெரு எனப்பட்டன. அகன்ற விறாந்தையும் தூண்களும் கொண்ட பழைய வீடுகள் சில இன்றும் அங்கே எஞ்சியுள்ளன. அவ்வீடுகளில் வாழ்ந்த பறங்கியர் பெரும்பாலும் போய்விட்டனர்.

கோட்டையைப் பற்றி எழுதப்பட்டவை பல. போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டினர். உள்ளே 1706இல் கட்டப்பட்ட சிலுவைக் கோயில் என்னும் ஒல்லாந்தர் தேவாலயம் அண்மைக்காலப் போரில் அழிந்தது. ஆயின் எனது கருத்தைத் திருத்திக்கொள்ளச் செய்தவை வேறிரு செய்திகள். முதலாவது, இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனம் பொறித்த கல் ஒன்று இக்கோட்டையிலே கண்டெடுக்கப்பட்டமை. இடிக்கப்பட்ட கோயில்களின் கற்கள் கோட்டைச் சுவருக்குச் சென்றன என்னும் மரபுச் செய்திக்கு இது வலுவூட்டுகின்றது. மற்றையது, போர் ஓய்ந்தபின் இங்கு நிகழ்ந்த அகழ்வுகள். ஐரோப்பியர் வருகைக்கு மிக முற்பட்ட மக்கள் வாழ்வும், கடல்கடந்து வந்த மட்பாண்டங்களும் கோட்டை நிலத்தின் கீழே வெளிப்பட்டன. ஆகவே, உள்நாட்டு நல்லூர் தமிழரது நகரம், கரையோரம் பறங்கியர் படைத்த நகரம் என்னும் எளிய பாகுபாடு நிற்காது. ஒலிவேறா வெறுங்கரைக்கு வரவில்லை. அரசர்கள் நல்லூரில் இருந்த காலத்திலும் அதற்கு முன்னும் கரையில் ஒரு துறைமுகமும், அத்துறையில் உழைத்த மக்களும் இருந்தனர். அவர்கள் அரசரோ முதலிகளோ அல்லர். ஆதலால் வைபவமாலை அவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. நானும் இந்நடையை நல்லூரிலேயே தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

திரும்பும்போது வேறு வழி என்று முன்னர்ச் சொன்னேன். கடைசி முறை அவ்விதம் திரும்புகையில் பெயரெழுதாத அத்தெருவினூடாக வந்தேன். அம்முதியவர் என்னை இனங்கண்டு உள்ளே அழைத்தார். ஒழுங்கையின் முடிவில் ஒரு பொதுக்கிணற்றைக் காட்டினார். பிறரது கிணறுகளில் அவர்கள் நீரள்ள இயலாதிருந்த காலத்தில், அத்தெருவார் தாமே பணஞ் சேர்த்து, சுண்ணக்கல்லை உடைத்து வெட்டிய கிணறு அது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. கிணறு அதற்கு முந்தியது. சட்டம் வந்தபின்னரும் தம் இளமையில் அயற் கிணற்றடிக்குப் போகத் துணிந்ததில்லை என்று அவர் சொன்னார். கல்லுடைத்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, எழுதிக்கொண்டேன். பதினொரு பெயர்கள். அவற்றுள் இரண்டு பெண்களுடையவை. மண் சுமந்தோரையும் விடாமற் சேர்க்கும்படி அவர் வற்புறுத்தினார்.

"இதை எழுதும் தம்பி. ஆர் வெட்டினது, ஏன் வெட்டினது எண்டு எழுதும்" என்றார்.

அப்பெயர்ப் பட்டியலின் ஒரு படியை நல்ல தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கின்றேன். இம்மலர் அச்சேறியதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொல்லியுள்ளேன்.